நீல ஹெல்மெட்டுக்குள் இருந்த தலை

1.

இந்தக் கதை ஒரு சலவை இயந்திரத்துக்குள் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைக் கொடுக்க ஒரு குளிர்காலம் முழுக்க முயன்று பார்த்தேன், சரிப்படவில்லை.

என் பெயர் ஸெனோன், பழகியவர்களுக்கு ஸெனெக். வார நாட்களில் சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஸ்பீட்வே மைதானத்தின் அறிவிப்பாளன். ஊர் போலந்தின் மேற்கே இருக்கிறது, சர்க்கரை ஆலையும் மோட்டார் சைக்கிள் மைதானமும் உள்ள ஊர். அதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்க்காரன், "ஓ, அந்தக் கடைசி இடத்து அணியா?" என்று சிரிப்பான்.

மைதானத்துக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. சங்கத் தலைவர் மாரியுஷ் என்னைக் கூப்பிட்டார். "நம்ம கூட்டத்துலயே உனக்குத்தான்யா வாய் இருக்கு. மைதானத்தோட வரலாறை நீயே எழுதிடு" என்றார். வாய் இருப்பவனுக்குக் கையும் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நானும் சரியென்று தலையாட்டி, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம் இது: "ஆதியில் ஒரு குழி இருந்தது. குழியில் தண்ணீர் இருந்தது." [என் மனைவி போஷெனா எட்டிப் பார்த்து, "பைபிள் எழுதுறியா? பாதிரியார் சண்டைக்கு வருவாரு" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "போர் முடிந்த சில ஆண்டுகளில், சர்க்கரை ஆலைத் தொழிலாளர்கள் கொதிகலன் கசடைக் கைவண்டிகளில் தள்ளிக்கொண்டு வந்து, செங்கல் சூளைக்காக மண் எடுத்த அந்தக் குழியை —"

இந்த வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஏன் நிறுத்தினேன் என்றால், அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. இரெக் பேசினார். அவர் வீட்டு இயந்திரம் நின்றுபோய்விட்டதாம்.

2.

இரெனேயுஷ் ப்லூடா. ஊரில் எல்லாருக்கும் இரெக். ஒரு காலத்தில் எங்கள் அணியின் வீரர். வீடு மைதானத்து முதல் வளைவுக்கு நேர் பின்னால். சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வளைவு. ஐம்பது வருடமாக அந்த வேலியைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. ஊரும் வா என்று கூப்பிட்டதில்லை. காரணத்தை நாலாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அவரை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். முதலில் ஒரு கிழவராக மட்டும் பாருங்கள்.

இயந்திரத்தைப் பிரித்தேன். பேரிங் தேய்ந்து பொடியாகியிருந்தது. ஆனால் உள்ளே சோப்புக் கறை இல்லை, நூல் பிசிறு இல்லை. மியூசியத்தில் வைத்தது போலச் சுத்தம்.

"பான் இரெக், இதுல துணியே போடறதில்லையா நீங்க?" (எங்கள் மொழியில் பான் என்றால் ஐயா, பானி என்றால் அம்மா.)

"துணியைக் கையில தொவைச்சுக்குவேன்."

"அப்ப இது எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமைக்கு. அங்க நீங்க மோட்டாரைக் கிளப்புறப்போ நான் இங்க இதைக் கிளப்பிடுவேன். வெறும் டிரம் சும்மா சுத்தும். ஒரு சத்தத்தை இன்னொரு சத்தம் தின்னுடும், தெரியுமில்ல?"

"என் குரலு?"

"அதையும்தான். உன் குரலைத்தான் மொதல்ல தின்னும்."

இருபது வருடமாக நான் ஒலிபெருக்கியில் கத்தியதை எல்லாம் இந்த இயந்திரம் தின்றிருக்கிறது. எனக்கு வருத்தமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் தேநீர்க் கண்ணாடி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"புஸ்தகம் எழுதுறியாமே, ஸெனெக். அதுல நான் வர்றேனா?"

"வருவீங்க."

"என்னன்னு வருவேன்?"

அப்போது என் பல்லுக்கு நடுவே திருகாணி இருந்தது. அதனால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். அந்தக் கேள்விதான் இந்தக் கதை. மைதானத்தின் வரலாறு அன்றைக்கே கையை விட்டுப் போய்விட்டது. இருந்தாலும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

3.

(இந்தப் பகுதியைச் சங்கத்தார் படித்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள். குழப்பமில்லாத பகுதி இது ஒன்றுதான். ஆசைதீரப் படித்துக்கொள்ளுங்கள்.)

குழியின் கரைகளே பார்வையாளர் படிகள் ஆயின. கொதிகலன் கசடே தடம் ஆனது. எங்கள் மொழியில் இந்த விளையாட்டின் பெயரே கசடுதான். ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை அறுத்து ஒட்டி ஓட்டினார்கள். காற்று அடித்தால் அந்தத் தெரு முழுக்கக் கொடியில் காயும் வெள்ளைத் துணி கறுக்கும். அதற்காகப் பெண்கள் ஒரு முறை ஊர்வலம் போனார்கள். சங்கம் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு இலவச டிக்கெட் கொடுத்தது. அடுத்த ஞாயிறு அவர்களே முன்வரிசையில் நின்று, முகமெல்லாம் கசடு அப்பிக்கொண்டு கத்தினார்கள்.*

(*மைதானத்துக்கு இதுவரை மூன்று பெயர்கள். முதலில் ஒரு அரசு விழாவின் தேதி, பிறகு சர்க்கரை ஆலை, பிறகு ஓடு விற்ற ஒரு வியாபாரி. மூன்றும் போய்விட்டன. நாலாவது பெயருக்காகத்தான் இத்தனை பாடும்.)

விளையாட்டு எளிது. நான்கு பேர், நான்கு சுற்று, வண்டியில் பிரேக் கிடையாது, திருப்பம் எப்போதும் இடப்பக்கம். வீரர்கள் ஒரே மாதிரி கறுப்புத் தோல் உடையில், ஒரே மாதிரி சேற்றில் இருப்பார்கள். யார் யார் என்று தெரிய ஹெல்மெட்டின் மேல் ஒரு வண்ணத் துணி உறை. லீக் பந்தயத்தில் சிவப்பும் நீலமும் உள்ளூர்க்காரனுக்கு, வெள்ளையும் மஞ்சளும் வந்தவனுக்கு. எங்கள் ஊர்க் குழந்தைக்குச் சிவப்பும் நீலமும் நிறங்கள் அல்ல, சொந்தக்காரர்கள்.

ஓட்டத்துக்கு முன் நான் நிறத்தைச் சொல்வேன், பிறகு வீரனின் முதற்பெயரை. குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். "சிவப்பு! கெரார்ட்!" என்றால் "ஸ்ரோகா!" என்று படிகள் அதிரும். அது எனக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்கு மாறும். சர்க்கரைக்கான பீட்ரூட் வண்டிகள் ஆலைக்கு வரத் தொடங்கும்போது சர்க்கரைக் கோப்பை நடக்கும். அன்று அணி கிடையாது, ஒவ்வொருவரும் தனி ஆள். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நிறம் விழுகிறதோ அந்த நிறம். அன்று நீலத்தில் பக்கத்து ஊர்க்காரன் வருவான், நம்மவன் மஞ்சளில் வருவான். பாதிப்பேர் தப்பான ஆளுக்குக் கைதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பழக்க தோஷம். போன வருடம் நானே நீலத்தில் வந்த டென்மார்க்காரரை எங்கள் பையனின் பெயர் சொல்லி அழைத்தேன். அவர் நல்ல மனிதர், கையை ஆட்டினார்.

4.

இனிமேல் குழப்பம்.

1974, செப்டம்பர், சர்க்கரைக் கோப்பை, மழை. எங்கள் ஊரின் செல்லப்பிள்ளை கெரார்ட் ஸ்ரோகாவுக்குச் சீட்டில் சிவப்பு. பக்கத்து ஊர் அலோய்ஸி டூடாவுக்கு நீலம். ஹிலாரி க்ரோல் என்ற இன்னொரு வெளியூர்க்காரருக்கு வெள்ளை. இரெக்குக்கு மஞ்சள்.

முதல் வளைவிலேயே நீல ஹெல்மெட் உள்பக்கமாகப் புகுந்து சிவப்பு ஹெல்மெட்டை இடித்தது. கெரார்ட் மரவேலியில் மோதினார். நீலமும் மஞ்சளும் அவர் மேலேயே விழுந்தன. வெள்ளை மட்டும் தப்பிப் போனது. ஒரு புகைப்படம் இருக்கிறது, கறுப்பு வெள்ளை. அடர்நிறத் தலை ஒன்று இன்னொரு அடர்நிறத் தலையை இடிக்கிறது, வெளிர்நிறத் தலைகள் இரண்டும் தள்ளி இருக்கின்றன. ஆக, இடித்தது நீலம்தான். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

கெரார்ட் அன்று சாயங்காலமே இறந்துபோனார்.

ஓட்டம் நின்றால் யாரால் நின்றது என்று நடுவர் விளக்குப் போட வேண்டும். நீல விளக்கு எரிந்தது. அன்றைய அறிவிப்பாளர், நான் இப்போது உட்காரும் அதே அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, சொன்னார்: "நீலம் விலக்கப்பட்டது. ப்லூடா."

ப்லூடா என்றால் இரெக். இரெக்குக்குச் சீட்டில் விழுந்தது மஞ்சள் என்பது பந்தய அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் மறுக்கவில்லை. பத்து வருடமாக நீலம் என்றால் இரெக் என்று பழகிய காது.

அப்படியானால் அறிவிப்பாளரின் வாய் பழக்கத்தில் தவறியது, இடித்தது அலோய்ஸி, இரெக் நிரபராதி, கதை முடிந்தது — என்று எழுதி, எழுந்து, பீர் வாங்கக் கடைக்குப் போனேன். கடையில் வேறொன்று கேள்விப்பட்டேன். உறைகளில் சேறு ஒட்டும் என்பதால், ஓட்டங்களுக்கு இடையே நான்கையும் ஒரு தண்ணீர் வாளியில் போட்டு வைப்பார்களாம். வீரர்கள் கிளம்பும் அவசரத்தில் அவரவரே கையை விட்டு எடுத்து மாட்டிக்கொள்வார்களாம். பத்து வருடமாக நீலத்தையே எடுத்த கை அன்றும் நீலத்தை எடுத்திருந்தால்? அலோய்ஸிக்கு மிஞ்சியது மஞ்சள். கொட்டுகிற மழையில், ஆவி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, நடுவர் நிறத்தைத்தானே கண்டிருப்பார், ஆளையா?

தவறியது வாயா, கையா? ஐம்பது வருடத்துக் கேள்வி இவ்வளவுதான்.

விழுந்தவர்களின் உறைகள் சேற்றில் மிதிபட்டுப் போயின. பழைய அறிவிப்பாளர் இறந்துவிட்டார். அலோய்ஸி ஜெர்மனிக்குப் போய் அங்கேயே இறந்தார். ஹிலாரி க்ரோல் உயிரோடு இருக்கிறார், தொலைபேசியில் கேட்டேன். "தம்பி, முன்னாடி போறவன் என்னிக்காச்சும் பின்னாடி திரும்பிப் பாப்பானா?" என்று வைத்துவிட்டார்.

இரெக்? அவருக்கு மண்டையில் அடி. சேலைன் ஏறும்போது கண் விழித்தார். கிளம்பியது ஞாபகமில்லை, விழுந்தது ஞாபகமில்லை. "நீதான் கொன்னுட்டே" என்று ஊர் சொன்னது, கேட்டுக்கொண்டார். தன் தலையில் என்ன நிறம் இருந்தது என்று எந்த மனிதனாலும் பார்க்க முடியாது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறதா? எனக்கும்.

5.

கெரார்டின் தங்கை டெக்லாவை இந்தக் கதையில் கொண்டுவர எனக்குப் பயம். அவர் கொண்டுவராமலே வந்துவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் முதல் வளைவில் அதே பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பவர். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"பானி டெக்லா, ஒருவேளை இடிச்சது இரெக்கா இல்லாம இருக்கலாம்னு —"

"வாளிக் கதையா? சீட்டுக் கதையா? எல்லாம் எனக்குத் தெரியும்டா. நீ என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி வந்து நிக்கிறே."

"அப்ப உங்களுக்கும் சந்தேகம் இருக்கா?"

விதைத் தோலைத் துப்பினார். என் காலணிக்குப் பக்கத்தில்தான் விழுந்தது.

"ஐம்பது வருஷமா ஒருத்தனைத் திட்டிக்கிட்டே படுத்து, திட்டிக்கிட்டே எந்திரிச்சிருக்கேன். இப்ப வந்து அவன் இல்லேங்கிறே. அப்ப நான் யாரைத் திட்டுறது? மழையையா? வாளியையா? வாளியைத் திட்டினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

பொட்டலத்திலிருந்து இன்னொரு விதையை எடுத்தார்.

"கல்லறைத் திருநாள் அன்னிக்கு எனக்கு முன்னாடியே ஒரு மெழுகுவத்தி எரியும், அண்ணன் கல்லறையில. யாரு வைக்கிறான்னு தெரியும். அணைக்கிறதில்லை. ஓரமா நகர்த்தி வைப்பேன். என்னால அவ்வளவுதான் முடியும், ஸெனெக். நீ எழுதுறதை எழுது. ஆனா தெளிவா எழுது."

[இங்கே ஒரு பத்தி இருந்தது. மன்னிப்பு, காலம், மழைக்குப் பின் வானம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். போஷெனா படித்துவிட்டு, "அந்த அம்மா இப்படியெல்லாம் நினைக்கவே நினைக்காது" என்றாள். எடுத்துவிட்டேன்.]

6.

இரெக்கை நான் ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். அவர் அப்படி ஒன்றும் புனிதர் இல்லை. வேலிக்கு மேலே சாய்ந்த பிளம் மரத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்காடுகிறவர். பேரிங் மாற்றப் போனபோது, பழைய பேரிங்கைத் திருப்பிக் கொடு, நீ அதை விற்றுவிடுவாய் என்று வாங்கி வைத்துக்கொண்டார். இது கதைக்குத் தேவையில்லை. ஆனால் நல்லவருக்கு மட்டும்தான் நீதி வேண்டும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய், கை, வாளி.

"உங்களுக்கு என்ன தோணுது, பான் இரெக்?"

தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சில நாள் இது எடுத்திருக்கும்னு தோணும். சில நாள் எடுத்திருக்காதுன்னு தோணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான்தான்னு எழுது, ஒத்துக்கிறேன். நான் இல்லேன்னு எழுது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா 'தெரியலை'ன்னு மட்டும் எழுதிடாதே. மதில்மேல் பூனையா இருந்து இருந்து அலுத்துப்போச்சுப்பா. ஏதாச்சும் ஒரு பக்கம் தள்ளிவிடு."

எழுதத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. முடிவைத் திறந்து விடுவது ஒரு அழகு என்பார்கள். அந்த அழகு இந்த மனிதனின் கழுத்தில் கல்லாகத் தொங்கும். என்ன முடிவு எழுதினாலும் பொய், எழுதாவிட்டால் கொடுமை.

முடிவுகள் என் மேசைமேல் இருக்கின்றன:

(அ) வாய் தவறியது. இரெக் மைதானத்துக்குள் வருகிறார். டெக்லாவுக்குத் திட்ட யாருமில்லை. செத்துப்போன அலோய்ஸி பதில் பேசமாட்டார் என்பதால் பழியை அவர் தலையில் வைக்கிறேன். அவருக்கும் எங்கோ பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

(ஆ) கை தவறியது. ஊர் சொன்னதே சரி. டெக்லா நிம்மதியாகத் தூங்குவார். இரெக் இயந்திரத்தைக் கிளப்புவார்.

(இ) மாரியுஷின் முடிவு: "வண்டியில கோளாறுன்னு போட்டுட்டுப் போய்யா. வண்டி வந்து கேஸ் போடுமா?"

(ஈ) நடுவரே தவறிவிட்டார். சட்டப்படி முதல் வளைவில் எல்லாரும் நெருக்கியடித்து விழுந்தால் யார் மீதும் பழி போடாமல், நான்கு பேரையும் திரும்ப ஓட விடலாம். அவர் எந்த விளக்கையும் போடாமல் இருந்திருக்கலாம். நின்ற ஓட்டம் மறுபடி ஓடியே ஆக வேண்டும் என்பது விதி. அந்த ஓட்டம் மட்டும் இன்னும் ஓடவில்லை.

கடைசியதை எழுதியபோது, ஆகா பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அந்தத் துள்ளலில் மாரியுஷிடம் வாயை விட்டதுதான் தப்பு.

"பிரமாதம்!" என்றார் அவர். "மைதானத்துக்குப் புதுப் பேர் வைக்கிற அன்னிக்கு அந்த ஓட்டத்தை மறுபடி ஓட விடுவோம். நம்ம பசங்க நாலு பேரு, அதே நாலு நிறம், மெதுவா ஒரு சுற்று. நீ மேலேருந்து நிறத்தையும் பேரையும் சொல்லு. ஜனங்க கத்தட்டும்."

நிறத்தையும் பெயரையும். வெறும் பெயரை அல்ல, எந்த நிறத்தில் யார் என்று நான் சொல்லியாக வேண்டும்.

7.

இதை அறிவிப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிறு. கீழே கல்லின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. துணிக்கு அடியில் "கெரார்ட் ஸ்ரோகா மைதானம்" என்று செதுக்கியிருக்கிறார்கள். தொத்திறைச்சி வாசனை, வண்டிகளுக்கு ஊற்றும் மெத்தனால் வாசனை. தடுப்பு நாடாவுக்குப் பின்னால் நான்கு பையன்கள் நான்கு நிற ஹெல்மெட்டோடு நிற்கிறார்கள். புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் அச்சகத்துக்குப் போகவில்லை. நான் இன்று எதைச் சொல்கிறேனோ அதுவே அச்சாகட்டும் என்றார் மாரியுஷ்.

டெக்லா தன் பெஞ்சில் இருக்கிறார். மடியில் விதைப் பொட்டலம்.

இரெக் வருவார் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். வேலியில் ஒரு கதவு, கதவில் அவர், கூட்டம் விலகி வழிவிடுகிறது என்று ஒரு பக்கமே எழுதி வைத்திருந்தேன். அவர் வரவில்லை.

ஆனால் வளைவுக்குப் பின்னால் அந்தச் சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது. இருபது வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அது திறந்திருந்து நான் பார்த்ததில்லை. பையன்கள் மோட்டாரைக் கிளப்பிவிட்டார்கள். ஜன்னலில் அவர் நிற்கிறார், ஒரு கை சட்டத்தில். பேரிங் புதிது, நானே போட்டது, நன்றாகச் சுற்றும். அவர் இயந்திரத்தைப் போடவில்லை.

டெக்லா ஒரு முறை திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். விதை கொறிப்பதை நிறுத்திவிட்டார்.

மாரியுஷ் கீழே இருந்து கையைக் காட்டுகிறார்.

"சிவப்பு! கெரார்ட்!" என்றேன்.

"ஸ்ரோகா!" என்றது கூட்டம். படிகள் அதிர்ந்தன. சில கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"வெள்ளை! ஹிலாரி!" என்றேன். "க்ரோல்" என்றது கூட்டம், ஏதோ ஒப்புக்கு.

இனி நீலமும் மஞ்சளும். ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றது தானே விழுந்துவிடும். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். யோசிக்காமல் திறந்தால் அது பழகிய பெயரைத்தான் சொல்லும். யோசித்துத் திறந்தால், யோசித்ததனாலேயே மற்ற பெயரைச் சொல்லும். இரண்டும் சாட்சி ஆகாது. (இடக்கையில் பேனா, வலக்கையில் மைக் பொத்தான். எப்படி ஒரே நேரத்தில் எழுதவும் பேசவும் முடிகிறது என்று கேட்காதீர்கள், கையெழுத்தைப் பார்த்தால் தெரியும்.)

"நீலம்!" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கிகள் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்விட்டன. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதற்பெயருக்குக் காத்திருக்கிறது. மாரியுஷ் ஏன் நிறுத்தினாய் என்று கையை விரிக்கிறார். பொத்தான் இன்னும் அழுந்தித்தான் இருக்கிறது.

வாசகரே, எனக்கு இந்த ஊரில் பிறந்த காது, இந்த ஊரில் பழகிய வாய். உங்களுக்கு எந்த நிறமும் சொந்தக்காரர் இல்லை. சீட்டு என்ன சொன்னது என்று தெரியும், வாளியைப் பற்றித் தெரியும், டெக்லாவையும் தெரியும். இரெக்குக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே கேட்டீர்கள். பூனையை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ தள்ளுங்கள். இந்தாருங்கள், மைக்கை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

பெயரைச் சொல்வதற்கு முன் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கிறது.